அவர் அளவில் ஒரு சீட்

என் கடையில் ஒரு சட்டம் உண்டு. காருக்கு சீட் வேண்டுமென்றால் அதில் உட்காரப் போகிற ஆள் நேரில் வர வேண்டும். "தம்பிக்குச் செய்யணும், தம்பி என் உயரம்தான்" என்று யாராவது ஆரம்பித்தால், தம்பியோடு வாருங்கள் என்று வாசலைக் காட்டிவிடுவேன். முகதாட்சண்யமே கிடையாது. துணியென்றால் பிரித்துத் தைக்கலாம். ஃபைபர் அப்படி இல்லை. அதில் பூசுகிற ரெசின் பசை இறுகிவிட்டால் இறுகியதுதான், அப்புறம் அழுதாலும் இளகாது.

பழைய கார்களுக்குக் கடையில் கிடைக்காமல் போன பாகங்களை ஃபைபரில் செய்து கொடுப்பது எங்கள் தொழில். பானெட், பம்பர், டாஷ்போர்டு, கதவின் உள்பக்கம், சீட். கை கொஞ்சம் தாராளமான ஆள் வந்தால் கார்பன் ஃபைபரில் செய்வோம். எங்கள் என்றால் நானும் பெயிண்டரும். பெயிண்டரை எல்லோரும் மந்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்காமலே ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்வதால் வந்த பெயர். ஃபைபர் தூள் உடம்பெல்லாம் அரிக்கும், மந்திரியின் பேச்சு அதைவிட அரிக்கும். ஆனால் அவர் அடித்த பெயிண்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.

கடையின் மூலையில் தார்ப்பாய்க்குக் கீழே என் வீட்டுக்காரருடைய கார் நின்றது. அவருக்கு சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய இரண்டு கதவுக் கார் அது. "உனக்கு முன்னாடியே வந்தவ, மரியாதை குடு" என்பார். மூத்தவளுடைய கதவைத் தட்டினால் துரு பொலபொலவென்று கொட்டும். லீவில் வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு பக்கத்தைத் தேய்க்க ஆரம்பிப்பார். பாதி தேய்த்திருக்கும்போது லீவு முடிந்துவிடும்.

போன தடவை கிளம்பும்போது, பெட்டியை வாசலில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஒரு தடவைதான். திரும்பி வந்ததும் உன் கடையிலயே உப்புத்தாள் தேய்க்கறேன். சம்பளமெல்லாம் வேணாம், திட்டாம இருந்தா போதும்."

அவர் சும்மா பேச்சுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இனி வந்தால் அவர் போகக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். எங்கள் பெண் காலேஜ் விடுதியில் இருக்கிறாள். வீட்டில் ஒருத்திக்குச் சமைத்து, ஒருத்தி சாப்பிட்டு, ஒரு தட்டைக் கழுவி வைக்கிற வாழ்க்கை எனக்குச் சலித்துவிட்டது.

அதனால் காரை முடித்துவிடுவது என்று இறங்கினேன். வாடிக்கையாளர் வேலை முடிந்த பிறகு மிஞ்சுகிற நேரமெல்லாம் அதற்குத்தான். துருப்பிடித்த கதவைப் பட்டி போட்டு நேராக்கி, அதிலிருந்து மோல்டு எடுத்து, எடை இல்லாத புதுக் கதவு செய்தேன். டாஷ்போர்டு வெயிலில் வெடித்துக் கிடந்தது. வெடிப்பையெல்லாம் அடைத்து, மெழுகு தேய்த்து, அதற்கும் மோல்டு எடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்க இடம் தேடுவார் என்று ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி வைத்தேன். கதவின் உள்பக்கத்தில் கை வைக்கிற திண்டை அவர் முழங்கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தேன். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு ஒரு தடவை தடவிப் பார்ப்பேன். வழவழப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதாக மந்திரியிடம் சொல்லிக்கொள்வேன்.

கடைசியில் சீட் மிஞ்சியது.

"அவர் வந்தப்புறம் உக்கார வச்சு எடுத்துக்கலாமே" என்றார் மந்திரி. வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே உருப்படியான ஆலோசனை.

"அவர் வந்து கதவைத் தொறந்தா எல்லாம் முடிஞ்சிருக்கணும். பாதி வேலைய பாத்தா, சரி, அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாம்னு சொல்லிடுவாரு."

"அளவு?"

"என் வீட்டுக்காரர் அளவு எனக்குத் தெரியாதா? நீங்க உக்காருங்க, போதும்."

மந்திரிக்கும் அவருக்கும் ஒரே உயரம். சுற்றளவில்தான் மந்திரி கொஞ்சம் பெரிய மனிதர். அவரை உட்கார வைத்து அச்சு எடுத்துவிட்டு, வீட்டுக்காரர் அகலமாக இருக்கிற இடத்தில் தேய்த்துக் குழித்தேன், ஒடுங்கலான இடத்தில் பட்டி பூசி நிரப்பினேன். இடுப்புப் பக்கம் இவ்வளவு, தோள் இவ்வளவு, முதுகு வளைவு இப்படி. டேப் எடுக்கவே இல்லை. இத்தனை வருஷம் கட்டிக்கொண்ட உடம்பு, என் கைக்குத் தெரியும் என்ற திமிர். கண்ணை மூடிக்கொண்டு அந்த அச்சின் தோளைத் தடவினேன். அவர்தான் என்று தோன்றியது. அன்றைக்கு மந்திரி ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். பாவம், நல்ல மனிதர்.

வீட்டுக்காரர் லீவில் வந்தார். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தார்ப்பாயை இழுத்ததும் அப்படியே நின்றுவிட்டார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவை ஒரு விரலால் தள்ளி, அது காகிதம் போல நகர்வதைப் பார்த்துச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றினார், குழியைப் பார்த்தார், அதில் வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இருவருமே அழுதிருப்போம்.

"உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். "ஆஹா. ராஜா மாதிரி இருக்கு" என்றார்.

பொய். பார்த்த உடனே தெரிந்தது. தோள் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தது. பல் டாக்டர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து, அவர் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் கையை விட்டேன். தாராளமாகப் போயிற்று. வலது தோள் இடதைவிட இறங்கியிருந்தது.

"தோளுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கப்பல் ஆடினப்ப ஒரு வால்வு மேல மோதிட்டேன். பழைய கதை."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"போன்ல என்னத்த சொல்றது?"

போனில் தெரிந்தது முகம் மட்டும்தான். அந்த முகத்துக்குக் கீழே உடம்பு இளைத்துக்கொண்டே போனது எனக்குத் தெரியாது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. ஊருக்கெல்லாம் சட்டம் பேசிவிட்டு, இல்லாத ஓர் ஆளுக்கு நான் சீட் செய்து வைத்திருக்கிறேன்.

"எந்திரிங்க. வேற அச்சு எடுக்கணும்."

"இதுவே நல்லாத்தானே இருக்கு?"

"எந்திரிங்கன்னா எந்திரிங்க."

மந்திரி தின்னர் வாங்கப் போயிருந்தார். அவருக்காகக் காத்திருக்கும் பொறுமை எனக்கில்லை. சீட்டின் வெளிக்கூட்டை மட்டும் தரையில் பொருத்தி, அதற்குள் கெட்டியான பிளாஸ்டிக் பையை விரித்தேன். இரண்டு திரவங்களைக் கலந்து பைக்குள் ஊற்றினால் நுரை பொங்கும். பொங்கும்போது ஆள் அதன் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். நுரை உடம்பைச் சுற்றி ஏறி, சந்து பொந்தெல்லாம் நிரப்பி, டீ ஆறுகிற நேரத்துக்குள் கல்லாகிவிடும். அதன் மேல் ஃபைபர் போட்டால் அந்த ஆளுக்கு மட்டுமேயான சீட். ஒரே தொல்லை, பொங்குகிற நுரை ஆளையும் சேர்த்துத் தூக்கும். யாராவது முன்னால் நின்று தோளை அழுத்திப் பிடிக்க வேண்டும். வழக்கமாக அது மந்திரி வேலை.

அவரை உட்கார வைத்து ஊற்றினேன். முன்னால் நின்று இரண்டு தோளிலும் கை வைத்து அழுத்தினேன்.

"சுடுது" என்றார்.

"சுடும். அசையாதீங்க."

"பேசலாமா?"

"பேசலாம். அசையத்தான் கூடாது."

பைக்குள் நுரை உஸ்ஸென்று ஏறியது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் என் கழுத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கையெழுத்து போட்டுட்டேன்."

எதில் என்று நான் கேட்கவில்லை. என் கை தானாக இன்னும் அழுத்தியது.

"வேற கப்பல். அடுத்த மாசம் ஏறணும். வந்ததுமே சொல்லணும்னுதான் நெனச்சேன். நீ காரைக் காட்டிட்ட."

"இதுதான் கடைசின்னு சொன்னீங்க."

"சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்." கண்ணை மட்டும் காரின் பக்கம் திருப்பினார். "அங்க இருக்கறப்ப இங்க வரணும் வரணும்னு இருக்குது. இங்க வந்து படுத்தா எஞ்சின் சத்தம் இல்லாம தூக்கமே வர மாட்டேங்குது. காலைல எந்திரிச்சா நீ கடைக்குக் கிளம்பிடற. பொண்ணு அவ பாட்டுக்கு இருக்கா. எல்லாமே நான் இல்லாமலே ஒழுங்கா நடக்குது. எனக்கு எங்க நிக்கறதுன்னே தெரியல."

"நான் இல்லையா?" என்றேன். "நான் ஒருத்தி இங்க மாஞ்சு மாஞ்சு தேச்சிட்டு இருந்தேனே, அது எதுக்கு? உங்களுக்கு நிக்க எடம் இல்லையா?"

"தெரியுதும்மா."

"என்ன தெரியுது? ஒண்ணும் தெரியாது உங்களுக்கு. எனக்கு நீங்க வேணும். கார் இல்ல. இங்க, கண்ணு முன்னாடி, சண்டை போடறதுக்காவது."

இதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. லீவு லீவாக முழுங்கியே பழக்கம். அவர் தோள் என் கைக்குக் கீழே நடுங்க ஆரம்பித்தது. நுரை ஏறுகிற நேரத்தில் நடுங்கினால் அச்சு கெட்டுவிடும். உடம்பின் முழு எடையையும் போட்டு அழுத்தினேன். என் நெற்றி அவர் நெற்றியில் இடித்தது. அப்படியே இருந்துவிட்டேன். இறங்கிப்போன அந்தத் தோளின் எலும்பு என் உள்ளங்கையில் குத்தியது. இந்தத் தோளை எனக்குத் தெரியாது. இனிமேல்தான் பழக வேண்டும் என்றால், அதற்கு ஒரு மாசம் எந்த மூலைக்கு?

தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. பையின் உஸ் சத்தம் நின்றது. சூடு குறைந்தது. என் முழங்கால் கூட்டின் ஓரத்தில் இருந்த நுரையில் இடித்தபோது அது கட்டையாக இருந்தது. கையை எடுத்திருக்க வேண்டும். எந்த வாடிக்கையாளராக இருந்தாலும் இந்நேரம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருப்பேன்.

"இறுகிடுச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல" என்றேன்.

அவர் எஞ்சினோடு குப்பை கொட்டியவர், உலோகத்தைத் தட்டிப் பார்த்தே நோய் சொல்கிறவர். தொடைக்குப் பக்கத்தில் பிதுங்கி நின்ற நுரையை விரல் முட்டியால் தட்டினார். டொக் என்றது. எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது.

"ஆமா" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்போல."