ஆறு பேருக்கு இரண்டேமுக்கால்

தோள்பட்டை வலி முழங்கை வரைக்கும் இறங்கிவிட்டது, காலையில் நாற்பது மூட்டை இறக்கிவிட்டு ஓடிவந்து உதவித்தொகை வரிசையில் நின்றால், எழுத்தர் தலையைத் தூக்காமலே சொல்கிறார், உங்க வீட்ல ரெண்டேமுக்கால் பேரும்மா... ஆறு உடம்பு எப்படி இரண்டேமுக்கால் ஆகும்? "முதல் ஆள் ஒண்ணு, மத்த பெரியவங்க ரெண்டு பேரும் அரை அரை, மூணு புள்ளைங்களும் கால் கால். ஒரே வீடு, ஒரே விளக்கு, செலவு பங்காயிடும்ல?" பின்னால் நின்ற சலவைக்காரி, "அப்ப புள்ளைக்குச் சட்டையில ஒரு கை மட்டும் தச்சாப் போதும்க்கா" என்று சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கு பங்காகும், சரி, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் புருஷனின் மருந்து பங்காகுமா, அவன் நனைக்கும் துணி, அதற்குச் சோப்பு... மூட்டை தூக்கிய நாளில் அவன் ஒரு ஆள், நாலு வருஷத்துக்கு முன் முதுகு உடைந்தபின் செலவில் மூன்று ஆள், இந்தத் தாளில் அரை.

"புருஷனோட தம்பியும் உங்களோடதான? அடுப்பு ஒண்ணா, ரெண்டா?" ஒன்று என்றால் கொழுந்தனின் பட்டறைச் சம்பளம் இவள் கணக்கில் ஏறும், வீடு வறுமைக் கோட்டைத் தாண்டிவிடும், மருந்துக்கு வரும் பணம் நின்றுபோகும். அதற்குத்தானே காலையில் அவன் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னான், "ரெண்டுன்னு சொல்லிடுங்க அண்ணி, வேணும்னா வாசல்ல ஒரு ஸ்டவ்வ வச்சுக்கறேன்." ஆனால் போன வாரம் விசாரிக்க வந்தவரிடம் வாய்க்கொழுப்பில் இவளே பீற்றிக்கொண்டாளே, எங்க வீட்ல பிரிவினையே கிடையாது சார், ஒரே பானைதான் என்று... தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். அவர் அதை எழுதியிருப்பாரா? எழுதியிருந்தால், பொய்யென்று பிடித்தால், மொத்தமும் போகுமே...

"சொல்லும்மா, பின்னாடி ஆள் நிக்குது."

இது என்ன நியாயம், கொழுந்தனின் வயிற்றை அரையாய் எண்ணிவிட்டுச் சம்பளத்தை மட்டும் முழுசாய் எண்ணுவது? கேட்டேவிடலாம் என்று வாயைத் திறந்தபோதே அந்தக் கேள்வி இவள் பக்கமே திரும்பியது. எல்லாரும் தின்றபின் பானையின் அடியைச் சுரண்டி யாருக்கு வைக்கிறாள்? மாதாமாதம் பிரிக்காத சம்பளக் கவரை யார் கையிலிருந்து வாங்குகிறாள்? முப்பத்திரண்டு வயசு அவனுக்கு, பெண் பார்க்கும் பேச்சு இரண்டு தடவை வந்தபோது அதை மெல்ல வேறு பக்கம் திருப்பியது யார்... எழுத்தரின் பேனா தாளுக்கு மேலே நின்றது. கொழுந்தனுக்கு அவள் தர வேண்டியது நாலு வருஷச் சம்பளம்.