மூன்றாம் எண் பதில்

வெடித்த பட்டாசுச் சரத்தின் சிவப்புத் தாளும் ஊர்வலத்துக்காக இறைத்த செவ்வரளியும் ஒன்றாய்க் கலந்து தெரு முழுக்கக் கிடக்கின்றன, மாடி ஜன்னலிலிருந்து பார்க்கும் சென்னியப்பனுக்கு எது பூ, எது தாள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஒளிமடத்துச் சாமி அடங்கிவிட்டார் என்று காலையில் செய்தி வந்ததும் தெருவின் மேல்கோடியில் சங்கு ஊதினார்கள், கீழ்க்கோடியில் பட்டாசு வெடித்தது, வெடித்தவன் தையல்கடை இரங்கன், அவனுடைய தங்கை மகனுக்குக் காய்ச்சல் முற்றியபோது ஊசி வேண்டாம், திருநீறு போதும் என்று சொன்னவர் சாமி, ஒன்பதாம் நாள் பையன் போய்விட்டான், சாமி சாகும் நாளில் வெடிக்கவென்று அன்றைக்கு வாங்கிய சரத்தைப் பத்து வருஷமாய்ப் பெட்டியில் வைத்திருந்தானாம், நமுத்துப்போய்ப் பாதிதான் வெடித்தது, மீதியைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் அழுததையும் சென்னியப்பன் இதே ஜன்னலிலிருந்துதான் பார்த்தார், எதிர்ச்சாரியில் பூக்காரி மாராத்தாள் அன்றைய பூ முழுவதையும் வாரி இறைத்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள், அவளை மடத்துப் பந்தியில் மற்றவர்களோடு சரிசமமாய் உட்காரவைத்து, எழுந்து போனவர்களைப் போகட்டும் என்று விட்டவரும் அதே சாமிதான், சந்தை நிலத்தை மடத்துப் பேருக்கு வளைத்தவரும் அவர்தான், அந்த வழக்கு இன்னும் கோர்ட்டில் கிடக்கிறது. அத்தனை வருசம் நமக்குச் சோறு போட்ட மனுசன், ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க என்று மனைவி துளசிமணி காலையிலிருந்து மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டாள், போறேன் போறேன் என்கிறார் சென்னியப்பன், போவதில் ஒன்றுமில்லை, ஆனால் எந்த முகத்தோடு போவது என்றுதான் தெரியவில்லை, அழவும் வரவில்லை, வெடிக்கவும் தோன்றவில்லை, அவர் சாமியின் பக்தரும் இல்லை, எதிரியும் இல்லை, பத்து வருஷத்துக்கு முன் வேலையை விட்டு வரும்வரை பதினெட்டு வருஷம் சாமியின் கை, அவ்வளவுதான்.

கை என்றால் கைதான், மடத்து மாட்டுக்கொட்டகைக்கு மேலே தகரம் போட்ட ஓர் அறை, அதுதான் கடிதப் பிரிவு, கீழே மாடு அசை போடும், மேலே இவர் கத்தரியால் உறையின் வலது ஓரத்தை மட்டும் நறுக்குவார், தேதி குறிப்பார், எண் போடுவார், படித்துவிட்டு ஏழு பிஸ்கட் டப்பாக்களில் பிரித்துப் போடுவார், நோய்க்கு ஒன்று, படிப்புக்கு இரண்டு, புருஷனோடு பிணக்கு என்று எழுதும் பெண்களுக்கு மூன்று, இப்படி ஏழு வகைக் கவலை, ஏழு பதில், சாமி ஒருமுறை வாயால் சொன்ன அந்த ஏழையும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் கையால் எழுத வேண்டும், அச்சடித்தால் ஜனங்கள் நம்பமாட்டார்கள், முனிசிபல் பள்ளிக்கூடத்தில் இரட்டைக் கோடு நோட்டில் பழகிய உருண்டை எழுத்து, கீழே மடத்து முத்திரை, மடித்த காகிதத்தில் ஒரு சிட்டிகைத் திருநீறு, வியாழக்கிழமை கட்டாகக் கொண்டுபோய் வைத்தால் சாமி கண்ணை மூடி மேலே கை வைப்பார், அதோடு தபாலுக்குப் போய்விடும், சாமி விடியலில் எழுந்து உட்கார்ந்து தானே எழுதுகிறார் என்று வெளியே பேச்சு, சென்னியப்பன் அதை ஆமாம் என்றதுமில்லை, இல்லை என்றதுமில்லை, மாடுகள் அசை போட்டபடி இருக்கின்றன, உறை நறுக்கும் சத்தம் கேட்கிறது, இப்போதும் கேட்கிறது, இல்லை, அது துளசிமணி சமையலறையில் பீன்ஸ் நறுக்குவது.

தெருவில் ஆட்டோ ஒன்று மைக் கட்டிக்கொண்டு போகிறது, சாமி கைப்பட எழுதிய கடிதம் வைத்திருக்கும் பக்தர்கள் நாலு மணிக்குள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், மடத்து வழக்கப்படி உப்போடும் திருநீற்றோடும் சமாதிக் குழியில் சாமியைச் சுற்றி வைக்கப்படும். சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது, அட, என் எழுத்துக்கல்லவா இந்த மரியாதை, பதினெட்டு வருஷ எழுத்து குழிக்குள் போகிறது, உப்பு ஒரே மாதத்தில் தின்றுவிடும், போகட்டும், ஒன்றைத் தவிர எல்லாம் அந்த ஏழுதானே. அந்த ஒன்று பென்சிலில் எழுதி வந்த கடிதத்துக்கு அவர் போட்ட பதில், பிள்ளையின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள், புருஷன் கையில் சூடு வைத்துவிட்டான், அம்மா வீட்டில் இருக்கிறேன், வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விடுகிறார்கள், பொறுத்துக்கொள்ளும் சக்தியைக் கொடு சாமி, அவ்வளவுதான் அதில், மூன்றாம் எண் பதிலை எடுத்தார், பொறுமை கொள், உன் வீடே உன் கோயில், பொறுமை என்று எழுதியதும் கை நின்றுவிட்டது, அக்கா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள், அவளைப் புருஷன் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப, பத்தொன்பது வயதுச் சென்னியப்பன்தான் கூட்டிவந்து ஏற்றிவிடுகிறார், பொறுத்துப் போக்கா என்று இதே வார்த்தையைத்தான் சொல்கிறார், அவர் வாங்கிக் கொடுத்த மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்திருக்கிறாள், பஸ் நகர்கிறது, நாற்பதாம் நாள் அக்கா செத்துப்போனாள் என்று ஓர் ஆள் வந்து சேதி சொல்கிறான். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் தன் இஷ்டத்துக்கு எழுதினார், முத்திரை வைத்தார், கட்டின் நடுவில் செருகினார், எந்தக் கடிதத்தையும் படிக்காத சாமி அந்த வியாழக்கிழமை கட்டைக் கலைத்துச் சரியாய் அதையே உருவினார், படித்தார், சென்னியப்பனை நிமிர்ந்து பார்த்தார், மறுபடியும் செருகிவிட்டுக் கண்ணை மூடிக் கை வைத்தார், இன்றைக்கு வேலை போகும், நாளைக்குப் போகும் என்று இவர் ஒரு மாதம் காத்திருந்தார், போகவில்லை, சாமி அதைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்கவில்லை, அந்தப் பெண் என்ன ஆனாள் என்றும் தெரியவில்லை, நம் பேச்சைக் கேட்டு நடுத்தெருவில் நின்றாளோ என்ற பயம் மட்டும் இருபத்திரண்டு வருஷமாய் உள்ளங்காலில் முள்ளாய் இருந்தது.

படியேறி வந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும், கையில் சின்னத் தூக்குப்பை, பேர் பழனாத்தாள், சென்னிமலைப் பக்கமிருந்து வருகிறேன் என்றாள், ஜெராக்ஸ் கடையெல்லாம் சாத்திக் கிடக்கிறது, கீழே விசாரித்தேன், மாடியில் ஒருவர் மனு எழுதுவார், எழுத்து அச்சாட்டம் இருக்கும் என்று அனுப்பிவைத்தார்கள். உட்காருங்க அம்மிணி என்றார் சென்னியப்பன். சாமி எழுதுன கடுதாசியக் குழியில போடோணுமுன்னு சொல்றாங்க, எனக்கு இதக் குடுக்க மனசில்லீங்ணா, இதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க, அதப் போட்டுட்டு இத நான் வெச்சுக்கறேன் என்று பாலித்தீன் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். சாமியையே ஏமாத்தப் பாக்கறீங்களா என்று துளசிமணி உள்ளேயிருந்து கேட்டாள். அவரு கோவிச்சுக்க மாட்டாருங்க்கா, ஜெராக்ஸ்னாத்தான் கள்ளத்தனம், கையில எழுதுனா அதும் ஒரு மருவாதிதானுங்க என்றாள் பழனாத்தாள். தாளைப் பிரிக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது, மடிப்பில் நைந்து, துணி மாதிரி ஆகிவிட்ட தாள், அவருடைய உருண்டை எழுத்து. அம்மிணி, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டாம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேலை கிடைக்கிற ஊரில் இரு, பயம் மூன்று மாதம் இருக்கும், அப்புறம் குறையும், சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே.

அவள் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள், போர்வைத் தறிக்குப் போனது, மூன்று மாதத்துக்குப் பதில் ஐந்து மாதம் பயந்தது, சாமி கணக்கு அதில் மட்டும் கொஞ்சம் தப்பிவிட்டது என்று சிரித்தாள், மகள் இப்போது கோபியில் நர்ஸ், சாமியைக் கள்ளச்சாமி என்று பஸ்ஸில் ஒருவர் பேசினார், வாயை மூடிக்கொண்டு வந்தேன் என்றாள். சென்னியப்பன் வெள்ளைத் தாளை எடுத்து மார்ஜின் மடித்தார், பேனாவைத் திறந்தார், அங்கேதான் கை மறுபடியும் நின்றது, இந்தக் கையால் எழுதினால் பார்த்த உடனே தெரிந்துவிடும், இருபத்திரண்டு வருஷமாய்ச் சாமியே சொன்னது என்று ஊன்றி நின்றவளின் கைக்கோலைப் பிடுங்கினாற்போல் ஆகும், இடக்கையால் கோணலாய் எழுதிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, சந்தோஷமாய்ப் போவாள், முள் போன மாதிரி அவரும் இருந்துகொள்ளலாம், பேனாவை இடக்கைக்குக்கூட மாற்றினார், அம்மிணி என்ற முதல் சொல் தள்ளாடியது, அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், பொட்டலம் இன்னும் பிரிக்கவில்லை, பொய்யாய் எழுதி இவளையும் பஸ் ஏற்றிவிடுவதா, தாளைக் கசக்கி எறிந்துவிட்டு வேறு தாள் எடுத்தார், வலக்கையால், ஓடுகிற கையால், மூலத்தைப் பார்க்காமலே கடைசி வரி வரை எழுதி அவள் முன்னால் வைத்தார்.

பழனாத்தாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள், சமையலறையில் நறுக்கும் சத்தம் நின்றது. அப்ப இது சாமி சொல்லலீங்களா. நாந்தானுங்க அம்மிணி எழுதுனேன், அவரு படிச்சுப் பாத்தாரு, வேண்டாமுன்னு சொல்லலீங்க, அவ்வளவுதானுங்க எனக்குத் தெரியும். அவள் கண்ணைத் துடைப்பாள், கோபிப்பாள், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தார், அவள் சூடு பட்ட தழும்பிருந்த கையால் தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். உங்க பேர் என்னங்ணா. சொன்னார். அதக் கீழ போடுங்க. பதினெட்டு வருஷத்தில் ஒரு கடிதத்தின் அடியிலும் போடாத பேரை மெதுவாய் எழுதினார், ப்-க்கு வைத்த புள்ளி கொஞ்சம் பெரிதாய் விழுந்துவிட்டது, அவள் முத்திரை வைத்த பழைய தாளை மடித்து மடியில் செருகினாள், புதியதை ஊதிக் காயவைத்துப் பாலித்தீன் உறைக்குள் வைத்தாள். சாமி பேருல வந்தது சாமிக்கே போவட்டும், இது எனக்கு, வாங்க, மணி மூணரை ஆச்சு.

சட்டை மாட்டிக்கொண்டு சென்னியப்பன் படியிறங்கினார், போறேன் போறேன்னு சொல்லிட்டு இன்னொருத்தி கூப்புட்டாத்தான் கால் நகருதாக்கும் என்று துளசிமணி பின்னாலிருந்து சொன்னாள், குரலில் சிரிப்பு இருந்தது, இரங்கன் கடை வாசலில் விளக்குமாற்றோடு நின்றிருந்தான், போயிட்டு வாங்க என்றான், மேலிருந்து பார்த்தபோது ஒரே சிவப்பாய்த் தெரிந்த தெரு காலடியில் இப்போது வேறுவேறாய்த் தெரிந்தது, இது தாள், கரிந்த ஓரத்தோடு லேசாய்ப் பறக்கிறது, இது பூ, ஈரமாய் ஒட்டிக்கொள்கிறது, இரண்டையும் மிதிக்காமல் நடக்க முடியாது என்றும் தெரிந்தது, அக்கா பொட்டலத்தைப் பிரித்து ஒரு கை மிக்சர் எடுத்து பஸ் ஜன்னல் வழியாய் நீட்டுகிறாள், வாங்கிக்கொண்டு நடக்கிறார், செருப்பில் ஒட்டியதை அவர் உதறவில்லை.