மூக்கால் பார்க்கும் உப்பு

எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக ஆண்கள் கல்யாணங்களுக்குச் சமைக்கிறோம். வீட்டில் சமைப்பவர்கள் பெண்கள். இரண்டும் ஒன்றோடொன்று கலந்ததில்லை. இரண்டாயிரம் பேர் பந்தியானாலும் நான் சாம்பாரை நாவில் வைத்துப் பார்த்ததில்லை. சாமிக்குக் காட்டுமுன் ருசி பார்க்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அண்டாவின் ஆவியை முகர்ந்தே உப்பின் அளவைச் சொல்லிவிடுவேன்.

கொரோனா வந்ததும் கல்யாணத்துக்கு இருபது பேர்தான் என்றார்கள். இருபது பேருக்கு எங்கள் அண்டாவின் அடிகூட நனையாது. பதினொரு முகூர்த்தங்கள் கைவிட்டுப் போயின. அதே வாரம் எங்கள் ஊர் பெருமாட்டியில், வீடுகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் அனுப்பப் பள்ளிக்கூடத்தில் பஞ்சாயத்துச் சமையற்கூடம் திறந்து, குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களை வேலைக்கு அழைத்தார்கள். தலைமைச் சமையல் என் மனைவி சேஷம்மாள். ஆறு பேருக்கு மேல் சமைத்தறியாதவள்.

பெரிய சமையலுக்கான அளவை அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் நாள் வீட்டு அளவை ஐம்பதால் பெருக்கி உப்பைக் கொட்டினாள். உப்பு அப்படிப் பெருகாது. முந்நூறு பொட்டலமும் கரித்தன. "சமையல்காரர் ஆத்துச் சாம்பாராக்கும்" என்று தெருவில் பேச்சு. குடும்பப் பெயரைக் காக்க மறுநாள் கிளம்பினேன். வேலை தேடிப் போனதாக யாரும் நினைக்க வேண்டாம்.

வாசலில் வார்டு மெம்பர் ஆர்த்தி மறித்தாள். "ஏனுங்க சாமி, ஆம்பளைங்களுக்கு இங்க வேலை இல்லீங்களே."

"மேற்பார்வை" என்றேன்.

உள்ளேயிருந்து சேஷம்மாளின் குரல் வந்தது. "பூசணிக்காய் நறுக்க ஆள் வேணும். கைய அலம்பிண்டு வரச் சொல்லு. மாஸ்க் மூக்குக்கு மேல இருக்கட்டும்."

நறுக்கினேன். பத்து மணிக்குச் சாம்பார் கொதித்தது.

"ஏன்னா, உப்புப் பாருங்கோ. நேத்திக்குக் கரிச்ச பயத்துல குறைச்சுத்தான் போட்டிருக்கேன்."

குனிந்தேன். மாஸ்க்குக்குள் நான் காலையில் குடித்த காப்பிதான் மணத்தது. மாஸ்க்கை இறக்கினால் ஆர்த்தி வெளியே அனுப்பிவிடுவாள். கரண்டியில் எடுத்து வெளியே போகலாம் என்றால், அந்தச் சொட்டில் ஆவி ஏது? பொட்டலங்களுக்காக ஆட்டோ காத்திருந்தது. இன்றும் தவறினால் தெருவில் தலைகாட்ட முடியாது.

"என்ன, மூக்கு லீவா?" என்றாள் சேஷம்மாள்.

கரண்டியோடு கட்டடத்தின் பின்னால் போனேன். சுவரைப் பார்த்து நின்று, மாஸ்க்கை இறக்கி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினேன். நான்கு தலைமுறை வழக்கம் அங்கே முடிந்தது.

"இன்னும் ரெண்டு கை போடு" என்றேன் திரும்பி வந்து.

"மூக்கு சொல்லித்தா?"

"அனுபவம்."

மூன்று மணிக்கு ஆர்த்தி கைபேசியோடு வந்தாள். "எல்லா ஊட்லயும் சாம்பார் அருமைன்னாங்க. வார்டு குரூப்ல போட ஒரு போட்டோ புடிக்கிறேன். சாமி, நீங்களும் நில்லுங்க. கத்தியும் பூசணிக்காயுமா இருந்தா நல்லா இருக்கும்."

அந்தக் குரூப்பில் தெரு முழுவதும் இருக்கிறது. மனைவிக்குக் கீழே காய் நறுக்கும் என்னை அவர்கள் பார்ப்பதா?

"சாம்பார் முழுக்க இவ கைதான். எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை" என்று சொல்லித் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

படம் எடுத்து முடிந்ததும் சேஷம்மாள் திரும்பினாள். "நாளைக்கு அவியல். சேனை பதினஞ்சு கிலோ கிடக்கு. ஏழு மணிக்கெல்லாம் வந்துடுங்கோ."

ஆறே முக்காலுக்கே போய்விட்டேன். சேனைத் துண்டுகள் ஒரே அளவில் இருப்பதும் குடும்ப கௌரவம்தான்.