அந்த நாமல யார் யாரு

ஜூலை ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, கட்டி முடியாத நூலகக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் கூரையின் ஒரு மூலை இடிந்து விழுந்தது. கூரையைத் தாங்கிய முட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த தொழிலாளி சுருட்டை அடியில் சிக்கினான்.

திங்கட்கிழமை வெளிச்சம் வரும் முன்பே வேலை தொடங்கிவிட்டது. கலவை இயந்திரம் உறுமியது. சித்தாள்கள் வரிசையில் நின்று ஜல்லிச் சட்டியைக் கைமாற்றினார்கள். சிமெண்டுத் தூசி வியர்வையில் குழைந்து கழுத்தில் காரையாகக் காய்ந்தது. மேஸ்திரி மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் மட்டப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த பலகைதான்.

இந்தக் கட்டடத்துக்குப் புது மாதிரி ஒப்பந்தம். கட்டச் சொன்னவர்கள், வரைபடம் போட்டவர்கள், கட்டுகிற முதலாளி எல்லாரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். லாபமும் நட்டமும் பொது. தவறு நடந்தால் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடக் கூடாது. தினமும் காலையில் கண்ணாடி அறையில் ஒரே மேசையைச் சுற்றிக் கூட்டம். "வேலை செய்யறவங்க குரலும் வேணும்" என்று மேஸ்திரியையும் உட்காரவைத்தார்கள். அதுவரை "யோவ்" என்று கூப்பிட்ட முதலாளி "பார்ட்னர்" என்றார். வீட்டில் மனைவியிடம் மேஸ்திரி அதை இரண்டு தடவை சொன்னார்.

இடிவதற்கு முந்தின நாள் கூட்டத்தில் முதலாளி கேட்டார்: "நாளைக்கே முட்ட எடுத்துடலாம்ல பார்ட்னர்? நாம வேகமா போனாத்தான் எல்லாருக்கும் நல்லது."

மழை ஈரத்தில் கான்கிரீட் இன்னும் இறுகவில்லை. மேஸ்திரிக்குத் தெரியும். ஆனால் மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "எடுத்துடலாங்க" என்றார். நாற்காலியை வாங்கிக்கொண்டு நாக்கைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"அண்ணே."

மேஸ்திரி பலகையிலிருந்து நிமிர்ந்தார். சுருட்டையின் மனைவி. அவளும் இங்கேதான் சித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"எப்படிம்மா இருக்கான்?"

"இடுப்புக்குக் கீழ அசைவில்ல. வைத்தியச் செலவ யாரு பாக்கறதுன்னு முதலாளியக் கேட்டேன். நாம எல்லாரும் சேந்து எடுத்த முடிவு, தனியா யார் மேலயும் குத்தம் இல்லங்கறாரு. மேஸ்திரியும் சரின்னாருங்கறாரு."

மேஸ்திரி பலகையைத் துடைத்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுண்ணே. அந்த 'நாம'ல யார் யாரு? நீயும் அவங்களுமா? நீயும் நாங்களுமா?"

சட்டி கைமாறுவது நின்றது. கூரைக்குப் பலகை அடித்து சென்ட்ரிங் போடுகிற நெட்டையன் சாரத்திலிருந்து குரல் கொடுத்தான்: "அவரு இப்ப பெரிய இடம்மா. டோக்கன் வாங்கிட்டுத்தான் பேசணும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது மேஸ்திரிக்கு.

"இறுகலன்னு எனக்குத் தெரியும்," என்றார். "தெரிஞ்சேதான் தலையாட்டுனேன்."

யாரோ காறித் துப்பினார்கள். அவள் கண்ணாடி அறையைக் கைகாட்டினாள்.

"இத அங்க வந்து சொல்லுவியா?"

"தனியா போனா மறுபடியும் தலையாட்டிடுவேன்மா. நீங்களும் வாங்க."

கண்ணாடிக் கதவைத் திறந்ததும் முதலாளி எழுந்தார். "என்ன பார்ட்னர், ஊரையே கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"முட்ட எடுக்கலாமான்னு கேட்டது நீங்க. எடுக்கலாம்னது நான். குத்தம் ரெண்டு பேருதும். விபத்து அறிக்கையில அப்படியே எழுதுங்க."

"நம்ம ஒப்பந்தத்துல அப்படியெல்லாம் எழுத முடியாது."

"அந்த ஒப்பந்தத்துல என் வீட்டுக்காரரு கையெழுத்துப் போடலையே," என்றாள் அவள்.

முதலாளி அவளைப் பார்க்காமல் மேஸ்திரியிடம் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பேசுய்யா. எழுதினா முதல்ல போறது உன் வேலைதான்."

மேஸ்திரியின் தலை பழக்கதோஷத்தில் லேசாக அசைந்தது. அவரே அதை நிறுத்தினார். "போகட்டுங்க."

"அவரு செஞ்சதப் பத்தி நாங்க அப்புறம் பேசிக்கறோம்," என்றான் வாசலில் நின்ற நெட்டையன். "நீங்க எழுதற வரைக்கும் யாரும் சட்டி தூக்கப் போறதில்ல."

கீழே யாரோ கலவை இயந்திரத்தை நிறுத்தினார்கள். மறுநாள் பதில் சொல்வதாக முதலாளி சொன்னார். மதியம் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சுருட்டை மேஸ்திரியிடம் பேசவில்லை. மறுநாள் பதில் வரவில்லை, வேலையும் நடக்கவில்லை.