ஆறு காற்றுத்துளைகள்

மூன்றாவது துளையின் செங்கல் அசைய மறுத்தது. அவள் ஏணியில் இன்னொரு படி ஏறி, உளியை வைத்து ஓங்கி அடித்தாள். சிமெண்டுத் தூள் கண்ணில் விழுந்தது.

"நடுவுல ஏன் குத்துற?" கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த அப்பா கேட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைத் தேட வேண்டியிருந்தது. "மூலைல... போடு. நான்தானே... வச்சேன்."

"அதான் தெரியுதே. இவ்ளோ சிமெண்டக் கொட்டினா எவன் பேர்ப்பான்?"

அப்பாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறாராம்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று நேற்று மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். தம்பி தன் வீட்டில் அறையை ஒழித்து வைத்திருந்தான். அப்பா வரவில்லை. பன்னிரண்டு வருடங்களாக அவர் குடியிருந்தது பண்ணையின் இந்தப் பழைய களஞ்சியத்தில்தான்.

அவருடைய தாத்தா தானியத்துக்காகக் கட்டியது. இரண்டு முழக் கனச் சுவர். பூசணம் பிடிக்காமலிருக்க எதிரெதிரே மும்மூன்று துளைகள். வெளியே கையகலம், உள்ளே வர வர விரியும். மழை நுழையாது, காற்று நுழையும். பிறகு மாடுகள் வந்தன. மாடுகள் போய்க் கோழிக்குஞ்சுகள் வந்தபோது, குளிர் ஆகாதென்று அப்பாவே ஆறையும் அடைத்தார். நோயில் கோழிகள் மொத்தமும் போன பின், கழுவி வெள்ளையடித்துக் கட்டிலைப் போட்டுக்கொண்டார். அடைத்தது அடைத்தபடி கிடந்தது.

காலையில், "காத்து பத்தலம்மா" என்றார். ஆக்சிஜன் குழாய் மூக்கில்தான் இருந்தது. அவள் உளியைத் தேடிப் போனாள்.

"அக்கா, பழைய சுவரு. தலைல விழப்போகுது," என்றான் தம்பி.

"நூறு வருஷமா விழாதது இன்னைக்கா விழும்? ஏணியப் பிடி."

மூன்றாவது திறந்தது. ஏணியை எதிர்ச்சுவருக்கு மாற்றினார்கள். நான்காவதன் கடைசிச் செங்கல் வெளியே விழுந்ததும் காற்று குறுக்கே பாய்ந்தது. அப்பாவின் நெற்றி முடி பறந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "ம்" என்றார்.

ஐந்தாவதில் உளியை வைத்துக்கொண்டு கேட்டாள்: "இதுவும் மூலைலதானே?"

தம்பி ஏணியை விட்டுவிட்டுக் கட்டிலருகே போனான்.

"அக்கா."

அவள் இறங்கி வந்தாள். மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு குழாயைக் கழற்றி, சிலிண்டரைத் திருகி மூடினாள். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சீறல் நின்றது. போர்வையை இழுத்துவிட்டு மறுபடி ஏணியில் ஏறினாள்.

"இனிமே எதுக்குக்கா?"

"ஏணியப் பிடி."

அவன் பிடித்துக்கொண்டான். அழுகையில் அவன் தோள் குலுங்கியபோது ஏணியும் குலுங்கியது. அவள் மூலையில் அடித்தாள்.

ஆறாவதும் திறந்த பிறகுதான் சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். முன்பு முட்டை வாங்க வரும் பக்கத்துத் தோட்டத்துக்காரிதான் முதலில் வந்தாள். சற்று நேரம் அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள புழுக்கமா இருக்கும்னு நெனச்சேன்," என்றாள். "நல்லாத்தான் காத்து வருது."

"உக்காருங்கக்கா," என்று சொல்லிவிட்டு, அவள் தரையில் கிடந்த செங்கற்களைச் சுவரோரமாக அடுக்கத் தொடங்கினாள்.