நேர்ந்த பணம்

சாமிக்கு நாங்கள் எழுநூற்றைம்பது ரூபாய் பாக்கி. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் உண்டியலில் போடுகிறேன் என்று என் மனைவி வேண்டிக்கொண்ட பணம் அது. நான் செங்கல் சுமந்து கொண்டுவந்த கூலியில் மிச்சம் பிடித்து ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். பிள்ளை பிரசவத்திலேயே இறந்துவிட்டது. அழுகைச் சத்தம் கேட்கும் என்று வாசலில் நின்றிருந்த என் கையில், நர்ஸ் அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

தீட்டுக் கழிந்ததும் மனைவி டப்பாவை எடுத்தாள். அவள் ரவிக்கை நனைந்திருந்தது. பால் இன்னும் நின்றபாடில்லை.

"எதுக்கு இப்ப அது?"

"கோயிலுக்குப் போகணும். நேர்ந்த காசைப் போடணும்."

"வேலையைக் கெடுத்தவனுக்கு எந்த மேஸ்திரியாவது கூலி குடுப்பானா? உன் சாமிக்கு மட்டும் தனிச் சட்டமா?"

அவள் கோபப்படவில்லை. "நான் சாமிகிட்ட ஒண்ணு கேக்கணுங்க. கடனை வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட கேக்கிறது?"

அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். நோட்டுகளை ஒவ்வொன்றாக மடித்து உண்டியலில் போட்டாள். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிச் சாமிக்குக் காட்டினாள். கை கூப்பவில்லை.

"நம்ம கணக்குத் தீந்துபோச்சு," என்றாள். "இப்பச் சொல்லு. இந்தப் பாலை நான் யாருக்குக் குடுக்கட்டும்?"

சாமியும் இல்லை, ஒன்றும் இல்லை என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்த நானும், அவள் பக்கத்தில் பதிலுக்காக நின்றேன்.