திரும்பி வராதவர்களின் அட்டைகள்

கிட்ட வந்து இருங்கள், குஞ்சுகளே. கால் குளிர்ந்தால் இந்தப் போர்வையை இழுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவது பழிவாங்கிய கதை. கத்தியும் இல்லை, நஞ்சும் இல்லை. ஆனாலும் முடியும்வரை ஒருவரும் எழும்பமாட்டீர்கள், பாருங்கள்.

ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் மங்கையற்கரசி என்று ஒருத்தி. ஒரு மருத்துவமனையில் நோயாளர்களின் கோப்புகளை அடுக்கிக் காக்கிற வேலை, இருபத்திரண்டு வருடமாக. அவளுக்கு ஒரே ஒரு தங்கச்சி, பவளம், லைப்சிக்கில் இருந்தாள். மார்பில் கட்டி வந்ததை அவள் அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. கொலோனில் ஓமியோபதி வைத்தியம் பார்க்கும் தபோதரனுக்குத்தான் தொலைபேசியில் சொன்னாள்.

"கத்தி வைச்சால் பரவிப்போகும் பிள்ளை. ஒரு வருசம் பொறுங்கோ" என்றார் அவர்.

வெள்ளை வெள்ளையாய் இனிப்பு மணிகள் தபாலில் வந்தன. பவளம் மருத்துவமனையில் கத்தி வைக்கக் குறித்திருந்த நாளை, அந்த டெர்மினை, வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பொறுத்தாள். மூச்சு முட்டிய பிறகுதான் போனாள். ஆறு கிழமையில் எல்லாம் முடிந்தது. மேசை லாச்சியில் அந்தத் தபாலுறைகளை மங்கை கண்டெடுத்தது செத்தவீட்டுக்குப் பிறகு.

மூன்று வருடம் அவள் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் தபோதரனின் அறிவித்தல் அவளுடைய ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்கு வந்தது. கொலோனில் ஓமியோபதி தகவல் ஆவண நடுவம் ஒன்று தொடங்குகிறாராம். ஆவணம் அடுக்கத் தெரிந்தவர்கள் உதவிக்கு வரட்டுமாம். மங்கை அன்றைக்கே பதில் போட்டாள்.

முன்பு பூக்கடையாய் இருந்த அறை அது. அட்டைகளைச் சனம் பார்க்க வைப்பதற்கென்று புதிதாய் ஒரு கண்ணாடி அலுமாரி நின்றது. இருபது வருடத்து அட்டைகள் பதினொரு சப்பாத்துப் பெட்டிகளில் கிடந்தன. ஆளுக்கு ஓர் அட்டை: பெயர், நோய், கொடுத்த மருந்து, கடைசி வரியில் முடிவு. முதல்நாளே தேடினாள். பவளம் நாலாவது பெட்டியில் இருந்தாள். கடைசி வரியில், முத்து முத்தான கையெழுத்தில், "பூரண சுகம்."

அந்தச் சொல்லோடு தன் தங்கச்சியின் அட்டையைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைக்க விடுவதில்லை என்று அவள் அப்போதே தீர்மானித்துவிட்டாள்.

"அண்ணை, சுகம் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறனீங்கள்?"

"உதென்ன கேள்வி? வருத்தம் இருந்தால் திரும்பி வருவினம்தானே. வரேல்லையெண்டால் சுகம்."

"அப்ப, திரும்பி வராத எல்லாருமே?"

"ஓம். நானூற்றிப் பன்னிரண்டு பேர்!" பெருமையாய்ச் சிரித்தார்.

"ஜெர்மன்காரர் உதை ஒத்துக்கொள்ளாயினம் அண்ணை. எல்லாற்றை வீட்டுக்கும் ஒருக்கா ரெலிபோன் கோல் எடுத்து, இப்ப எப்பிடி எண்டு கீழ ஒரு வரி எழுதுவம். அப்பதான் அது ஆவணம்."

"எழுதுங்கோ பிள்ளை, வடிவா எழுதுங்கோ. என்னை வாழ்த்தாத ஒரு ஆள் இருக்காது."

எங்கள் சனத்தைத் தெரியும்தானே, குஞ்சுகளே. மருந்து கேட்கவில்லை என்று வைத்தியரின் முகத்துக்கு நேரே சொன்னால் மனம் நோவார் என்று, போகிறதையே விட்டுவிடுவோம். தெருவில் கண்டால், "இப்ப பரவாயில்லை அண்ணை." மங்கைக்கும் முதலில் அந்தப் பதில்தான் கிடைத்தது. ஐந்தாறு பேருக்குப் பிறகு அவள் கேள்வியை மாற்றினாள்.

"இப்ப ஆர் அக்கா உங்களுக்கு மருந்து தாறது?"

"அதோ... இஞ்ச எங்கட வீட்டு டொக்டர்தான். சீனி ஏறி, சலரோகத்தில ஒரு கால்விரலும் எடுத்தாச்சு. தபோதரனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பாவம், கவலைப்படுவார்."

"திறப்புவிழாவுக்கு வாங்கோ அக்கா. கட்டாயம் வரவேணும்."

ஏழு மாதம் இப்படியே போனது. வேலை முடிந்து வந்த பின்னேரங்கள், சனி, ஞாயிறு. உண்மையாகவே சுகமானவர்கள் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். அதையும் அப்படியே எழுதினாள். ஓர் எழுத்துக் கூட்டவில்லை. தன் வெறுப்பில் பொய் கலந்து அதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை. தபோதரனோ ஓர் அட்டையையும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. அவருக்கு நாடா வெட்டுகிற கத்தரிக்கோல் பற்றித்தான் கவலை.

திறப்புவிழாவன்று இருக்கக் கதிரை போதாமல் சனம் நின்றது. "நானூற்றிப் பன்னிரண்டு பேர் என்னட்டைப் பூரண சுகம் கண்டவை" என்று அவர் முழங்கினார்.

"ஒண்டை வாசிச்சுக் காட்டுங்கோவன் அண்ணை" என்று மங்கை எழும்பிப் போய் ஓர் அட்டையை நீட்டினாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "பவளம், லைப்சிக். மார்பில் கட்டி. பூரண சுகம்." கைதட்டினார்கள்.

"கீழ இன்னொரு வரி இருக்கு."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எழுத்துத் தெளிவில்லை, பிள்ளை."

"என்ர எழுத்துத்தான். நல்ல தெளிவு. வாசியுங்கோ."

"இது... உங்களுக்கு ஆர்?"

"என்ர தங்கச்சி."

"புற்றுநோயால் இறந்தார். வயது நாற்பத்தாறு" என்று அவர் முணுமுணுத்தார். பின்னுக்கு இருப்பவர்களுக்கும் கேட்க வேணும் என்றாள் மங்கை. திரும்பவும் வாசித்தார்.

அப்போது கால்விரல் இழந்த அந்தப் பெண் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். "தபோதரன், என்ரையையும் ஒருக்கா வாசியுங்கோ."

"என்ர மனுசியின்ரை ஆறாம் பெட்டியில இருக்கும்" என்று கதவடியில் நின்ற ஒருவர் கத்தினார். "அவளுக்கும் சுகமெண்டோ எழுதிக் கிடக்கு?"

"என்ரையும்!" "என்ர மாமியின்ரையும்!" வருடக்கணக்காய் மரியாதைக்கு அடக்கி வைத்த வாய்கள் எல்லாம் ஒன்றாய்த் திறந்தன.

தபோதரன் அவள் பக்கம் குனிந்தார். "காணும் பிள்ளை. நிப்பாட்டச் சொல்லுங்கோ. என்ர பேர் நாறப்போகுது."

"ஏலாது அண்ணை. தகவல் கேட்டு வந்த சனம். குடுக்கத்தானே திறந்தனீங்கள்?"

வாசித்தார், குஞ்சுகளே. நின்றபடியே, ஒவ்வொருவரின் முகத்துக்கு நேரே. இரண்டு மணித்தியாலத்தில் தொண்டை அடைத்துத் தண்ணீர் கேட்டார். மங்கை தானே ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். வந்தவர்கள் கேட்டதில் இன்னும் பத்தொன்பது அட்டைகள் இருந்தன. அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, கோப்பையை வாங்கிக்கொண்டு, அடுத்த அட்டையைக் கையில் வைத்தாள்.

சரி, எழும்புங்கள், நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு நோயும் அண்டாமல் இருக்கட்டும். அண்டினாலும், அன்றைக்கே வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் உங்களுக்கு இருக்கட்டும். அந்த ஆள் ஒரு கேள்வியும் கேளாமல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு உங்களோடு கூட வரட்டும்.